சீருடை அணிந்தவருக்குச் சங்க உரிமை உண்டா?



கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் நம் மக்களுக்குத் தொழிற்சங்கம் என்பது புதிய சொல் அன்று. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த குடும்பங்கள், 1962ஆம் ஆண்டின் இறுதியில் இரயில்வே ஊழியர்கள் மூன்று வாரங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு, பல சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தெரியும். துறைமுகத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. வங்கி ஊழியருக்குச் சங்கம் உண்டு. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சங்கம் உண்டு.

ஆனால், நம் பிள்ளைகளில் ஒருவன் ஐந்தாம் படிவத்தை முடித்து இராணுவத்திலோ கடற்படையிலோ ஆகாயப்படையிலோ சேர்ந்துவிட்டால், அவனுக்கு மட்டும் சங்கம் இல்லை. அவனும் மாதச் சம்பளம் வாங்குகிறான். அவனுக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் உண்டு. அவனுடைய சம்பளத்தையும், படிகளையும், குடியிருப்பையும் பற்றி அவன் சார்பில் பேசுவதற்கு அவனும் அவன் தோழர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒருவர் இருக்கலாமா? அப்படி ஒரு சங்கம் இருந்தால், அது மற்றத் தொழிலாளர்களின் பெரிய அமைப்புகளோடு இணையலாமா? இவையே இன்று நாம் ஆராயப் போகும் கேள்விகள்.

முதலில் சில சொற்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். இவற்றை ஒன்றோடொன்று கலந்து பேசுவதனால்தான் இவ்விஷயத்தில் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

ஒன்று, பிரதிநிதித்துவச் சங்கம். ஒரே பணியில் இருப்போர் தமக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்து, தம் குறைகளை மேலிடத்திற்கு எடுத்துரைக்கச் செய்வது. இரண்டாவது, தொழிற்சங்கம். இது சட்டப்படி பதிவு பெற்று, சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பற்றி முதலாளியோடு பேரம் பேசி ஒப்பந்தம் செய்யும் அமைப்பு. மூன்றாவது, மத்திய அமைப்பு. பல தொழிற்சங்கங்கள் கூடி அமைத்துக்கொள்ளும் தாய்ச் சங்கம் இது. நம் நாட்டில் 1949இல் தோன்றிய மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும், அரசாங்க ஊழியர்களுக்காக 1957இல் அமைந்த கியூபெக்சும் இவ்வகையைச் சேர்ந்தவை.

அதேபோல், உரிமையிலும் மூன்று படிகள் உண்டு. சேர்ந்து பேசும் உரிமை முதற்படி. பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து பேரம் பேசும் உரிமை இரண்டாம் படி. வேலையை நிறுத்தும் உரிமை மூன்றாம் படி. "படைவீரனுக்குச் சங்கமா? அப்படியென்றால் எல்லையில் பகைவன் நிற்கும்போது அவன் வேலைநிறுத்தம் செய்வானா?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் மூன்றாம் படியைக் காட்டி முதற்படியையே மறுக்கிறார்கள். மூன்றாம் படியில் ஏறக் கூடாது என்பதற்காக முதற்படியில் கால் வைப்பதையும் தடுக்கத்தான் வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 10ஆம் விதி, சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. அதே விதி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம் ஆகியவற்றை முன்னிட்டு அவ்வுரிமைக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்குத் தருகிறது. தொழிலாளர் சம்பந்தமான சட்டங்களாலும் கல்வி சம்பந்தமான சட்டங்களாலும் கூட இந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றும் அது கூறுகிறது. அந்த அதிகாரத்தின் வழியில் நிற்பதுதான் 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஆயுதப்படையினர், போலீசார், சிறைத் துறையினர் ஆகியோர் தொழிற்சங்க உறுப்பினராவதற்கு அச்சட்டம் இடம் தரவில்லை. 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒரே தொழில், ஒரே துறை என்னும் பழைய வரம்புகள் தளர்த்தப்பட்டன. ஆனால் படைவீரர் மீதுள்ள தடை அதனால் நீங்கிவிடவில்லை.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய விநோதம் அன்று. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1948இல் நிறைவேற்றிய 87ஆம் எண் உடன்படிக்கை, சங்க சுதந்திரத்தைப் பற்றியது. 1949இல் வந்த 98ஆம் எண் உடன்படிக்கை, சங்கம் அமைப்பதையும் கூட்டாகப் பேரம் பேசுவதையும் பற்றியது. இரண்டிலும் ஒரே வகையான விலக்கு இருக்கிறது. ஆயுதப்படைக்கும் போலீசுக்கும் இந்த உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கலாம் என்பதே அந்த விலக்கு. 98ஆம் உடன்படிக்கையை நம் நாடு 1961இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, படைவீரருக்குச் சங்க உரிமை தராததால் அந்த உடன்படிக்கையை நாம் மீறிவிட்டோம் என்று சொல்ல முடியாது. அதேசமயம், தந்துவிட்டால் அதை மீறியவர்கள் ஆவோம் என்றும் பொருளில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்த நாட்டின் கையில் விடப்பட்டுள்ளன.

அப்படியானால், குறையுள்ள வீரன் என்ன செய்வான்? அவன் தன் மேலதிகாரியிடம் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், அடுத்த நிலைக்குக் கொண்டு செல்லலாம். அரசியலமைப்பின் 137ஆம் விதியின்படி அமைந்த ஆயுதப்படை மன்றம், மாமன்னரின் பொது அதிகாரத்தின் கீழ், படையின் நிர்வாகத்தையும் கட்டுப்பாட்டையும் கவனிக்கிறது. இந்த முறையீட்டு வழி பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். தனி ஒருவருக்கு நேர்ந்த அநீதிக்கு அது ஏற்ற வழியே. ஆனால் ஒரு குறை ஆயிரம் பேருக்குப் பொதுவானதாக இருந்தால்? படி குறைவு என்றோ, குடியிருப்பு பழுதுபட்டுள்ளது என்றோ சொல்ல வேண்டியிருந்தால்? ஆயிரம் பேரும் தனித்தனியே ஆயிரம் மனு எழுத வேண்டும். அவர்கள் ஒன்றுகூடி ஒரே மனுவாக எழுதினால், அதுவே கட்டுப்பாட்டை மீறிய செயலாகக் கருதப்படும் அபாயம் எந்த நாட்டுப் படையிலும் உண்டு. வகுப்பில் கூரை ஒழுகுகிறதென்றால், நாற்பது மாணவர்களும் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டுமென்று எந்த ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை; வகுப்புத் தலைவன் வந்து சொன்னால் போதும். அவன் வந்து சொல்வதனால் வகுப்பின் ஒழுங்கு கெட்டுவிடுவதும் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி நினைவு உண்டு. 1941ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். ஆர்.எச். நாதன் முதலியோர் அவர்களுக்கு வழிகாட்டினர். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பள உயர்வு மட்டும் இருக்கவில்லை. துரைமாருக்கும் கிராணிமாருக்கும் எதிரில் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இவற்றோடு, தங்கள் நலன்களை எடுத்துச் சொல்லத் தாங்களே சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். கலவரம் மூண்டது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சியை நாம் வழக்கமாகத் தொழிலாளியின் பக்கத்திலிருந்தே நினைவுகூர்கிறோம். அது நியாயமே. ஆனால் ஒரு கணம் துப்பாக்கி ஏந்தி நின்றவனின் பக்கத்திலிருந்தும் எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வந்த தொழிலாளியின் எதிரில் நின்றவனும் கடல் கடந்து வந்த சம்பளக்காரனே. தொழிலாளி கேட்ட உரிமைகளில் ஒன்று, தன் குறையைச் சொல்லச் சங்கம் அமைப்பது. அந்த உரிமை எதிரில் நின்ற சிப்பாய்க்கும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்குப் பின்னாளில் அந்த உரிமை கிடைத்தது. சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

குறை சொல்ல வழியில்லாத படையில் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1946 மே மாதத்தில், ஜொகூர் மாநிலத்தின் மூவார் முகாமில் இருந்த பிரிட்டிஷ் பாராசூட் படையின் 13ஆம் பட்டாளத்தார், சேறும் சகதியும் நிறைந்த முகாமையும் அங்கிருந்த மோசமான வசதிகளையும் எதிர்த்துக் கட்டளைக்குப் பணிய மறுத்தார்கள். போர் முடிந்துவிட்ட காலம் அது. பகைவனுக்கு அஞ்சி அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மீது இராணுவ நீதிமன்றத்தில் கலகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. விசாரணையில் இருந்த முறைகேடுகளின் காரணமாக அத்தண்டனைகள் பிறகு இரத்தாயின. அதே ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தபோதும், அரசியல் உணர்வோடு மோசமான உணவும் ஒரு காரணமாக இருந்தது. வாசல் இல்லாத வீட்டில் இருப்பவன் ஒரு நாள் சுவரைத்தான் இடிப்பான். சங்கம் என்பது படைக்குள் கலகத்தைக் கொண்டுவரும் என்று அஞ்சுவோர், சங்கம் இல்லாத படைகளிலும் கலகம் நடந்திருப்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாட்டைப் பார்ப்போம். அது அயர்லாந்து.

1980களின் பிற்பகுதியில் அயர்லாந்துப் படைவீரர்களிடையே சம்பளக் குறை முற்றியிருந்தது. அவர்கள் வெளிப்படையாகப் பேச இயலாது. இராணுவ விதிகள் தடுத்தன. ஆகவே அவர்களுடைய மனைவிமார் பேசத் தொடங்கினர். அவர்கள் தமக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேட்பாளர்களையும் நிறுத்தினார்கள். கணவனின் வாய் கட்டப்பட்டிருந்தால், சமையலறையில் அரிசிப் பானை காலியாவதைக் காண்பவள் பேசாமல் இருப்பாளா? அடுத்த ஆண்டே, அதாவது 1990இல், பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. படைவீரர்கள் பிரதிநிதித்துவச் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சாதாரண நிலை வீரர்களுக்குப் 'பிடிஃபோரா' என்றும், அதிகாரிகளுக்கு 'ராக்கோ' என்றும் சுருக்கமாக அழைக்கப்படும் இரண்டு சங்கங்கள் தோன்றின. வேலைநிறுத்தத்திற்கு மட்டும் இடமில்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு முடிச்சும் இருந்தது. அமைச்சரின் சம்மதமின்றி இந்தச் சங்கங்கள் எந்தத் தொழிற்சங்கத்தோடும் அமைப்போடும் இணையக் கூடாது. தொடக்கத்தில் இது பெரிய குறையாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம். நாள் செல்லச் செல்ல அதன் பாரம் தெரிந்தது. ஏனெனில், அயர்லாந்தில் அரசாங்க ஊழியர் அனைவருக்குமான சம்பளம், அரசாங்கமும் ஐரிஷ் தொழிற்சங்கக் காங்கிரசும் எதிரெதிரே அமர்ந்து பேசிய தேசியப் பேச்சுவார்த்தைகளில் முடிவாகி வந்தது. ஆசிரியருக்கும் தாதியருக்கும் அந்த மேசையில் இடம் உண்டு. படைவீரர் சங்கங்களோ காங்கிரசில் உறுப்பியம் பெற முடியாததால், பெரிய மேசையில் முடிவானதைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டிய நிலை. பந்தியில் இலை போட்டார்கள். ஆனால் பரிமாறும் கூடத்திற்கு வெளியே போட்டார்கள் எனலாம்.

ஐரோப்பியப் படைவீரர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று உண்டு. 'யூரோமில்' என்பது அதன் பெயர், 1972இல் தொடங்கப்பட்டது. அது 2014இல் அயர்லாந்து அரசுக்கு எதிராக ஐரோப்பியச் சமூக உரிமைகள் குழுவிடம் முறையிட்டது. அக்குழு 2017 செப்டம்பரில் தன் முடிவை எடுத்தது; 2018இல் அது வெளியிடப்பட்டது. அந்த முடிவை நாம் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனெனில் அது இரு பக்கமும் தராசைப் பிடித்துப் பார்த்த முடிவு.

படைவீரர் சங்கங்கள் தேசியத் தொழிலாளர் அமைப்போடு இணையவே கூடாது என்ற முழுத் தடை, ஐரோப்பியச் சமூக சாசனத்தின் ஐந்தாம் விதியை மீறுகிறது என்று குழு கூறியது. கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் போதிய அளவு மதிக்கப்படவில்லை என்றது. ஆனால் வேலைநிறுத்தத் தடையைப் பொறுத்தவரை, இராணுவப் பணியின் தன்மையைக் கருதினால் அது நியாயமானதே என்று முடிவு கூறியது. ஆக, முதற்படி, இரண்டாம் படி வேறு, மூன்றாம் படி வேறு என்று நாம் தொடக்கத்தில் பிரித்தோமே, அந்தப் பிரிவினையையே அக்குழுவும் செய்தது.

அம்முடிவு நீதிமன்றத் தீர்ப்பைப் போல் உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டில்தான் அச்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையை முன்னிட்டு ஐரிஷ் தொழிற்சங்கக் காங்கிரசில் துணை உறுப்பினராகத் தற்காலிக அனுமதி பெற்றன. 2024இல் பாதுகாப்புச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, அந்தத் துணை உறுப்பியத்திற்குச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டது. தொழில் நடவடிக்கைகளில் படைவீரர் சங்கங்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் அதனோடு வந்தன. 1990இலிருந்து 2024 வரை எண்ணினால் முப்பத்து நான்கு ஆண்டுகள். இன்று அந்நாட்டுச் சிப்பாயின் சங்கம் ஆசிரியர், தாதியர் சங்கங்களோடு ஒரே கூரையின் கீழ் வருகிறது; ஆனால் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அதில் கலந்துகொள்வதில்லை.

வேறு நாடுகள் வேறு அளவில் இந்தக் கோட்டைப் போட்டிருக்கின்றன. ஜெர்மனியில் 1956 முதலே படைவீரர் சங்கம் இயங்கி வருகிறது. பிரான்சில் நெடுங்காலம் படைவீரர் தொழில்முறைச் சங்கம் அமைக்கவே கூடாது என்றிருந்தது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வரம்பு கட்டலாம், ஆனால் அடியோடு மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸ் சட்டத்தைத் திருத்திச் சங்கத்திற்கு அனுமதி தந்தது. ஆனாலும் தொழிற்சங்கங்களோடு இணைய இடம் தரவில்லை. தென்னாப்பிரிக்காவிலோ, 1999 மே மாதத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம் படைவீரரும் தொழிற்சங்கத்தில் சேரலாம் என்று தீர்ப்புக் கூறியது. படைவீரர் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு அது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவத்தில் எச்சரிக்கையும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 2009 ஆகஸ்டில் அந்நாட்டுப் படைவீரர்கள் சம்பளக் குறைக்காகத் தலைநகர் பிரிட்டோரியாவில் ஊர்வலம் சென்றபோது அது கைகலப்பாக மாறியது. போலீசார் இரப்பர் குண்டுகளைப் பயன்படுத்தினர். சீருடையணிந்த இரு பிரிவினர் நடுத்தெருவில் மோதிக்கொண்ட காட்சியை எந்த நாடும் விரும்பாது. சங்கம் இருந்தால் மட்டும் போதாது. பேச்சுவார்த்தை மேசை உண்மையாக இயங்கவும் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நம் மூதாதையரின் நாடான இந்தியாவில் நிலைமை கடுமையானது. அந்நாட்டு அரசியலமைப்பின் 33ஆம் விதி, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்குத் தருகிறது. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், தொழிற்சங்கத்தில் சேர்வதைக் கட்டுப்படுத்த வழி செய்கிறது. அங்கே ஒரு விநோதமான வழக்கு நடந்தது. படையில் பணிபுரிந்த சமையற்காரர், காவற்காரர், முடி திருத்துவோர், தச்சர், தையற்காரர் ஆகிய சிவிலியன் ஊழியர்கள், "நாங்கள் துப்பாக்கி ஏந்துபவர்கள் அல்லவே, எங்களுக்குச் சங்கம் வேண்டாமா?" என்று கேட்டார்கள். அச்சுதன் நாயர் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், 1975இல் உச்ச நீதிமன்றம் அவர்களும் படையோடு இணைந்தவர்களே என்று கூறிச் சங்க உரிமையை மறுத்தது. ஆனால் சென்னையை அடுத்த ஆவடியில் போர் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையிலும், நீலகிரி அருவங்காட்டின் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்வோருக்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. டாங்கியைச் செய்பவனுக்குச் சங்கம் உண்டு. டாங்கியை ஓட்டுபவனுக்குச் சோறு ஆக்குபவனுக்கு இல்லை. கோடு எங்கே விழுகிறது என்பது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை இது காட்டுகிறது.

தனிச் சங்கம் இருந்தால் போதாதா, பெரிய அமைப்போடு ஏன் இணைய வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலிருந்தே விளக்கம் தரலாம். அரசாங்க ஊழியர்களின் புதிய சம்பள முறை 2024 டிசம்பரில் முதற்கட்டமாகவும் 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. படையினரின் சம்பளமும் அதையொட்டியே உயர்ந்தது. அதாவது, பொதுச் சேவையின் சம்பளம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் படைவீரனின் சம்பளமும் போகிறது. ஆனால் பொதுச் சேவை ஊழியரின் சார்பில் கியூபெக்ஸ் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலில் படைவீரனின் குரல் கலந்திருப்பதில்லை. மேலும், சம்பளக் கணக்கு, விலைவாசிப் புள்ளிவிவரம், சட்ட நுணுக்கம் ஆகியவற்றை அறிந்தவர்களை ஒரு சிறிய சங்கம் தன் கைப்பொருளில் வைத்துக்கொள்வது கடினம். பெரிய அமைப்போடு சேர்ந்தால் அந்த அறிவு அதற்கும் கிட்டும்.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். படையின் உயிர்நாடி கட்டளைக்குக் கீழ்ப்படிவது. ஆற்றைக் கடக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்திவிட்டு எந்தப் படையும் போரிட முடியாது. மற்றொன்று, வேலைநிறுத்தத்தின்போது அத்தியாவசியச் சேவைகளைக் காக்கப் படை அழைக்கப்பட்டால், வேலைநிறுத்தம் செய்பவரின் அமைப்பிலேயே படைவீரர் சங்கமும் உறுப்பினராக இருந்தால், அவன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? இந்தக் கேள்விகள் வெறும் சாக்குப்போக்குகள் அல்ல. 1941இன் கிள்ளானை அறிந்த நாம் இவற்றின் கனத்தை உணர்கிறோம். இவற்றுக்கு விடையாகத்தான் துணை உறுப்பியம், தொழில் நடவடிக்கைத் தடை, போர்க் கட்டளைகளில் சங்கம் தலையிடாமை ஆகிய வேலிகள் பிற நாடுகளில் போடப்பட்டன. சம்பளம், படி, குடியிருப்பு, மருத்துவம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவை சங்கத்தின் எல்லைக்குள். போர்த் திட்டமும் கட்டளையும் எல்லைக்கு வெளியே. வேலி போட்டுப் பயிர் செய்யலாம். வேலி போட வேண்டியிருக்கிறது என்பதற்காக நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதில்லை.

இதை ஏதோ தூரத்து விவகாரம் என்று நம்மவர்கள் எண்ணிவிடக் கூடாது. 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாம் அவசரகாலத்தில் பல இன இளைஞர்களும் படையில் பணியாற்றினார்கள். அவர்களில் பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் சேவை செய்து வெளியேறியவர்கள் பலர். சாதாரண நிலை வீரர்கள் பொதுவாக 21 ஆண்டுகள் சேவை முடித்தால்தான் ஓய்வூதியம் உண்டு. ஆகவே இவர்கள் 1972இல் ஏற்பட்ட ஆயுதப்படை நிதியில் சேர்ந்த சேமிப்பைப் பெற்றுக்கொண்டு, மாதாந்தர ஓய்வூதியமின்றி வாழ வேண்டியவர்களானார்கள். இன்று முதுமையில், முன்னாள் வீரர் சங்கங்களின் மூலம் அவர்கள் உதவி கேட்கிறார்கள். சீருடையைக் கழற்றிய பின் அவர்களுக்குச் சங்கம் உண்டு. ஆனால் வெளியேறலாமா, இன்னும் சில ஆண்டுகள் தொடரலாமா என்று முடிவு செய்த அந்த நாளில், "தம்பி, இத்தனை ஆண்டு முடித்தால்தான் ஓய்வூதியம், அவசரப்படாதே" என்று எடுத்துச் சொல்லவும், அந்த விதியையே மாற்றக் கோரவும் அவர்கள் பக்கம் ஒரு பிரதிநிதி இருந்ததில்லை. குரல் தேவைப்பட்ட காலத்தில் வாய் இல்லை. வாய் கிடைத்த காலத்தில் வயது போய்விட்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. படைவீரன் அழக் கூடாது என்று நாம் பயிற்றுவிக்கிறோம். அப்படியானால், அவன் அழாமலே அவன் பசி தெரிய ஒரு வழி வேண்டும். அந்த வழி வேலைநிறுத்தமாக இருக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு பிரதிநிதித்துவச் சங்கம். அது சம்பளம் முடிவாகும் இடத்தில் அமர உரிமை. பிறகு, தக்க நிபந்தனைகளோடு, பொதுச் சேவை ஊழியரின் மத்திய அமைப்பில் துணை இடம். அயர்லாந்து முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஏறிய படிகள் இவை. நம் நாட்டில் இப்படிகள் வேண்டுமா, வேண்டுமானால் எத்தனை படி என்பதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம். அதைக் கேட்கவும் விவாதிக்கவும் உரிமையுள்ளவர்கள் குடிமக்களாகிய நாம். சீருடை அணிந்தவன் சட்டப்படி வாய் திறக்க இயலாத விஷயத்தில், சீருடை அணியாதவர்கள் தெரிந்து பேசுவது நம் கடமை.

பிள்ளைகளைப் படையில் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சேவை ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, ஓய்வூதியத்திற்கு எத்தனை ஆண்டு தேவை, இடையில் விலகினால் என்ன கிடைக்கும், முறையீடு செய்ய எந்த வழி என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்குக் காவல் நிற்பது பெருமைக்குரிய பணி. அந்தப் பெருமையோடு தன் உரிமையின் எல்லையையும் அறிந்து செல்பவனே நல்ல வீரனாகவும் நல்ல குடிமகனாகவும் இருப்பான்.